மோல்மேன் தங்கச்சி கேட்ட தைராய்டு கேள்விக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது 31. குழந்தைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறார். மூன்று மாதமாக உடம்பு கனத்துக்கொண்டே போகிறது. தலை வாரினால் முடி கொத்தாகக் கையோடு வருகிறது. கொளுத்தும் வெயிலிலும் கைகால் சில்லென்று இருக்கிறது. மலச்சிக்கல் வேறு. மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. டெஸ்ட் எடுத்ததில், தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் 14; தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைவு. டாக்டர் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியாரோ, "அதைத் தொட்டால் சாகும்வரை விட முடியாது" என்று சொல்லி, இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் காஞ்சனார குக்குலு மாத்திரையும் அமுக்கராச் சூரணமும், 'ஹார்மோன் பேலன்ஸ்' என்று அச்சடித்த ஒரு லேகிய டப்பாவும் வாங்கி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரம்மா, தூரம் வருவதற்கென்று துவேசே என்ற ரத்த மருந்து கொடுத்திருக்கிறார். "அக்கா, சுரப்பியைச் சரிசெய்ய ஆயுர்வேதத்தில் வழி உண்டா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள், தங்கச்சி. ஆனால் 'சாகும்வரை' என்று மாமியார் சொன்னது உங்கள் விஷயத்தில் உண்மையாக இல்லாமலும் போகலாம்.

நான் யார் சொல்ல என்று கேட்கலாம். அப்பா ரங்கூனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். இப்போது தெய்ன்ஜி ஜே என்கிறார்களே, பழைய ஆட்களுக்கு அது சூரத்தி பஜார், அதன் பக்கம்தான் கடை. சுக்கும் திப்பிலியும் நிறுத்துப் பொட்டலம் கட்டி வளர்ந்த கை இது. பிறகு பார்மசி படித்து இங்கிலீஷ் மருந்துக் கடையில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிறது. இரண்டு கல்லாவையும் பார்த்தவள் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன்.

'ஹார்மோன்' என்ற சொல்லே 1905இல்தான் பிறந்தது. லண்டனில் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் வைத்த பெயர். ஆகவே பழைய ஆயுர்வேத ஆசான்களான சரகரோ சுசுருதரோ ஹார்மோனைச் சமன் செய்ய மருந்து சொன்னார்கள் என்று டப்பாவில் போட்டிருந்தால், அது டப்பாக்காரர் சொல்வது. அவர்கள் சொன்னது வேறு, அதுவும் கவனித்துச் சொன்னது. கழுத்தின் முன்பக்கம் கபம் தங்கி மெல்ல மெல்ல வீங்கினால் அது கலகண்டம் என்று சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் 18ஆம் அத்தியாயம் சொல்கிறது. நாம் கழுத்துக் கழலை என்கிறோம், பர்மாக்காரர்கள் லெபின்ஜி என்கிறார்கள். சுசுருதர் அதை வாதம், கபம், மேதஸ் (கொழுப்பு) என மூன்றாகப் பிரிக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த வீக்கத்தைப் பற்றிய பேச்சு அது. வீக்கமே இல்லாமல் ரத்தத்தில் சுரப்பு குறைவதை அவர்கள் அளக்கவில்லை. அளக்கும் கருவி அப்போது யாரிடமும் இல்லை. அதே 18ஆம் அத்தியாயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. நோய்க்குப் பெயர் சொல்லத் தெரியவில்லையே என்று வைத்தியன் வெட்கப்படக் கூடாது, எல்லா நோய்க்கும் நிலையான பெயர் கிடையாது என்கிறார் சரகர். இன்றைய லேகிய டப்பாக்காரர்களுக்கு அந்த அடக்கம் இல்லை.

காஞ்சனார குக்குலுவுக்கு வருவோம். இது சாரங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் உள்ள மருந்துக் கூட்டு. மந்தாரைப் பட்டை, திரிபலா, திரிகடுகு, மாவிலங்கப் பட்டை, ஏலம், லவங்கப்பட்டை, லவங்கப்பத்திரி எல்லாம் இடித்துக் குக்குலுப் பிசினோடு சேர்த்து உருட்டுவது. எதற்காக என்று பார்த்தால் முதலில் வருவது கண்டமாலை. நம் பாட்டிமார் சொல்லும் அதே கண்டமாலைதான்: கழுத்தைச் சுற்றி மாலைபோல் நெறிகட்டிப் புடைப்பது. இன்று அப்படி ஒருவர் வந்தால் டாக்டர் முதலில் காசநோய்க்குத்தான் சோதிப்பார். அது தைராய்டு அல்ல, நிணநீர்க் கணு. கழுத்தில் வருவது, கட்டியாக வருவது என்ற ஒற்றுமையை வைத்துக்கொண்டு பின்னாள் வைத்தியர்கள் அதைத் தைராய்டுக்கும் கொண்டுவந்தார்கள். தவறான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'சாஸ்திரத்திலேயே தைராய்டுக்குச் சொன்ன மருந்து' என்று விற்கிறார்களே, அந்த அளவுக்கு இல்லை. குக்குலுவைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது என்பது மரபிலேயே உள்ள எச்சரிக்கை. பால் குடிக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு போய்ச் சேரும் என்று சரியான கணக்கு யாரிடமும் இல்லை. பிசின் தரும் அந்த மரமும் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட காட்டில் அழிந்துகொண்டு வருகிறது. கலப்படம் தாராளம்.

அமுக்கரா வேறு கதை. அதற்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், லேசான தைராய்டு குறைவு உள்ள 50 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 600 மில்லிகிராம் வேர்ச் சாறு எட்டு வாரம் கொடுத்தார்கள். டிஎஸ்எச் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் 50 பேர், எட்டு வாரம் என்பதை மறக்க வேண்டாம். அவர்களுக்கு இருந்தது லேசான குறைவு. உங்களுக்கோ டி4ஏ இறங்கிவிட்டது. சுரப்பைத் தூண்டும் சரக்கு என்றால் அளவு மீறியும் தூண்டலாம். அமுக்கரா சாப்பிட்டுத் தைராய்டு எகிறிப் படபடப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றியும், கல்லீரல் கெட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. டென்மார்க் 2023இல் அமுக்கராவையே தடை செய்தது. நம் ஊர்ப் பாட்டிகள் பாலில் காய்ச்சிக் கொடுத்ததும் இன்று காப்ஸ்யூலில் அடைத்து வருவதும் ஒன்றல்ல. பின்னதில் சாரம் செறிவு அதிகம். பால் கொடுக்கும்வரை உங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

இனி 'சாகும்வரை' என்ற பயத்துக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது டிஎஸ்எச் 14 அல்ல, 'குழந்தைக்கு எட்டு மாதம்' என்பதுதான். கர்ப்ப காலத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்கி இருக்கும். பிரசவமானதும் அது மறுபடி முழிக்கும்போது, சிலருக்குத் தன் தைராய்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும். 100 தாய்மாரில் சுமார் 5 பேருக்கு இப்படி வருகிறது. முதலில் சுரப்பியில் சேமித்து வைத்த ஹார்மோன் கசிந்து படபடப்பு, வியர்வை, எரிச்சல். பச்சைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் தூக்கக்கேடு என்றே கணக்கில் போகும். பிறகு சேமிப்பு தீர்ந்து, நாலாம் மாதத்துக்கு மேல் சுரப்பு குறைந்து, நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் வரும். இதில் பலருக்குக் குழந்தை ஒரு வயது, ஒன்றரை வயது ஆவதற்குள் தைராய்டு தானாகவே திரும்பிவிடுகிறது. சிலருக்குத் திரும்புவதில்லை. உங்களுடையது இதுவா, நிரந்தர வகையா என்று இன்றைய தேதியில் ஒரே டெஸ்டில் யாராலும் அறுதியிட முடியாது. ஆன்டி டிபிஓ என்ற எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுத்தால் ஓரளவு துப்புக் கிடைக்கும். அது அதிகமாக இருந்தால் நிரந்தரமாகும் வாய்ப்பும் அதிகம். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் மாத்திரை போட்டபின், பால் மறந்து, அடுத்த குழந்தைக்கான யோசனையும் இல்லாத நேரமாகப் பார்த்து, டாக்டரே அளவைக் குறைத்து ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுத்துப் பார்ப்பார். நிற்கக்கூடியது என்றால் அப்போது நிற்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா கடையில் பிரசவத்துக்குப் பின் லேகியம் வாங்கிப்போய், நாலு மாதம் கழித்து "கைமேல் பலன்" என்று சொல்லிப் பழத்தட்டோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அவர்கள் பொய் சொல்லவில்லை. எட்டாம் மாதம் எதைச் சாப்பிட்டாலும் பன்னிரண்டாம் மாதம் அதற்குத்தான் பெயர் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். தானாகச் சரியாகாத அந்தச் சிலர் மட்டும் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

'அதுதான் தானாகச் சரியாகுமே, பின்னே மாத்திரை எதற்கு' என்று மாமியார் மடக்குவார். நியாயமான கேள்வி. சரியாகும்வரை உங்கள் இதயமும் குடலும் மனசும் குறைந்த சுரப்பில்தான் ஓட வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது தேவையில்லாத தண்டனை. பால் சுரப்பும் குறையலாம். தைராக்ஸின் என்பது உங்கள் சுரப்பி செய்யும் அதே பொருள். பாலில் மிகச் சொற்பமே போகும், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. 1891இல் இங்கிலாந்தில் மரே என்ற டாக்டர், சுரப்பு வற்றிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்தம்மா அதற்குப் பின் 28 வருஷம் இருந்தார். மருந்து என்று பார்த்தால் இதுவும் ஒரு விதத்தில் நாட்டு வைத்தியம்தான், ஆட்டுக்குப் பதில் இப்போது ஃபேக்டரி.

மாதவிலக்கு வரவில்லை என்பதற்காகத் துவேசே குடிக்க வேண்டியதே இல்லை. முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவளுக்கு எட்டு மாதம் வராமல் இருப்பது இயல்பு. பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோன்தான் அதை நிறுத்திவைக்கிறது. ஆனால் தூரம் வருவதற்கு முன்பே கருத்தரிக்கலாம். சந்தேகம் இருந்தால் சிறுநீர் டெஸ்ட் ஒன்று செய்துவிடுங்கள். அந்த நிலையில் குக்குலுவோ துவேசேயோ உள்ளே போகக் கூடாது. பக்கத்து வீட்டம்மாவைக் குறை சொல்லவில்லை. பர்மா வைத்தியத்தில் பெண்களுக்கு எந்த உபாதை என்றாலும் ரத்தத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த வைத்தியத்தின் ஒரு கிளையும் ஆயுர்வேதத்திலிருந்து வந்ததுதான். மாண்டலேயில் 2001 முதல் அதற்கென்றே பல்கலைக்கழகம் நடக்கிறது. அரசாங்கத்தில் பதிவு செய்த பாரம்பரிய மருந்துக்கு லேபிளில் பதிவு எண் இருக்கும், 1996ஆம் வருஷச் சட்டம் அது. எண் இல்லாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்கி வையுங்கள், வாயில் போடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். முழங்கால் வலிக்கு லேபிள் இல்லாத கறுப்பு உருண்டை மூன்று மாதமாகச் சாப்பிட்டிருந்தார். வலி போன இடம் தெரியவில்லை, பசி அபாரம். முகம் பௌர்ணமி நிலவு மாதிரி உருண்டு, கன்னம் சிவந்து, பிடரியில் திமில்போல் சதை. கேட்காமலே எனக்குத் தெரிந்தது, உள்ளே ஸ்டீராய்டு. சர்க்கரையும் 300ஐத் தாண்டியிருந்தது. நான் டாக்டரிடம் அனுப்புவதற்குள் பயந்துபோய் உருண்டையைத் தானே நிறுத்திவிட்டார். நாலாம் நாள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் பாதாளத்தில். வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டைப் பார்த்துச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் எழுந்திருக்க அதற்கு நேரம் கிடைக்காது. பிழைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் பல நாள். சுரப்பிக்கு மருந்து சாப்பிடாமலே சுரப்பி கெட்ட கதை இது. பஸ்பம், செந்தூரம் சேர்ந்தது என்றால் ஈயம், பாதரசம் வேறு. 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உங்கள் லேகிய டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது, கொண்டுவந்தவருக்கும் தெரியாது.

அப்படியானால் ஆயுர்வேதத்தில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது, டப்பாவில்தான் இல்லை. கனம், குளிர்ச்சி, மந்தம், வீக்கம், மலச்சிக்கல் என்ற உங்கள் பட்டியலை அப்பா பார்த்திருந்தால் கபம் ஏறி அக்கினி மந்தப்பட்டிருக்கிறது என்பார். அதற்கு அவர் சொல்லும் வழி: பசித்தபின் சாப்பிடு, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் லேசாக முடி, வெந்நீர் குடி, நட. பகல் தூக்கம் கூடாது என்றும் சேர்த்துக்கொள்வார். அதை மட்டும் நான் வெட்டிவிடுகிறேன். ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கும் தாய், பிள்ளை தூங்கும்போது தூங்கட்டும், கபம் காத்திருக்கும். வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுரப்பியைத் தொடாது, ஆனால் வறண்ட தோலுக்கும் வலிக்கும் கைகால்களுக்கும் அதற்கு இணையில்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்களே, கொள்ளு இந்த நாட்டில் தாராளம். பெபிஸா என்று கேளுங்கள். பகான் பக்கம் பொன்யேஜி என்ற புளித்த பயறு விழுது செய்வதே கொள்ளைக் காய்ச்சித்தான். வேகவைத்த கொள்ளுத் தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்துக் குடித்தால் வயிறு லேசாகும், மலமும் இளகும். டிஎஸ்எச் இறங்காது. அதற்குத்தான் மாத்திரை இருக்கிறதே.

கோஸ், சோயா கூடாது என்று யாராவது மிரட்டியிருப்பார்கள். வேகவைத்த கோஸ் தாராளமாகச் சாப்பிடுங்கள். இங்கே விற்கும் மஞ்சள் தோஹு (டோஃபு) கடலைமாவில் செய்தது, சோயாவே இல்லை. பெபியாதான் சோயா. அதையும் மாத்திரையோடு சேர்க்காமல் மத்தியானத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். உப்பு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மோன் மாநிலக் கடற்கரையில் உப்பளம் இருப்பதால் கல்லுப்பு மலிவு. கடல் உப்பில் அயோடின் இயற்கையிலேயே இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இருப்பது நகக்கண் அளவுகூட இல்லை. சின் மலையிலும் ஷான் மலையிலும் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கழுத்துக் கழலை கண்டது அயோடின் குறைவால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் 250. அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பை மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்கள். அதற்காகக் கடற்பாசி மாத்திரை என்று எதையும் வாங்கிச் சாப்பிட வேண்டாம். எதிர்ப்பொருளால் தாக்கப்பட்ட தைராய்டு, அயோடின் கூடினாலும் படுத்துக்கொள்ளும்.

முடி உதிர்கிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் கருவிகளில் அது டிஎஸ்எச்சைக் குறைத்துக் காட்டி, 'சரியாகிவிட்டது' என்று பொய் சொல்ல வைக்கும்.

தைராக்ஸின் போடும் விதம் தெரியாமல்தான் பலருக்கு அது 'கேட்கவில்லை'. நம் ஆட்கள் எழுந்ததும் முதலில் தேடுவது லபெயே. பாலும் டின்பாலும் போட்டுக் கெட்டியாக ஆற்றிய அந்த டீயோடு மாத்திரையை விழுங்கினால், பாலிலுள்ள கால்சியமும் தேயிலையும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாதி வீண். வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தான். பிரசவத்துக்குப் பின் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அவற்றை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துத் தாள் பொட்டலத்தில் கட்டித் தந்தால் வாங்காதீர்கள், மோல்மேன் மழை ஈரத்துக்குத் தாங்காது. அடுப்பு மேல் பலகையிலும் வைக்காதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். அது உடம்பில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். அதே காரணத்தால்தான் பலன் தெரியவும் நாளாகும். ஆறு வாரம் முடிந்து டிஎஸ்எச் பாருங்கள், பத்தாம் நாளே 'ஒன்றும் தெரியவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மருமகள் நன்றாக இருக்க வேண்டும் என்று காசு செலவழித்து வாங்கி வைத்திருக்கிறார். லேகிய டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்னென்ன சேர்த்திருக்கிறான் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மூடி திறக்க வேண்டாம். கொள்ளு ரசத்தை அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் வெறுந்தண்ணீரில் மாத்திரை போட்டபிறகு ஒரு மணி நேரம் கழித்து டீ கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.